முறிகண்டியில் நிற்காத கார்

சிவப்புக் காருக்கு எங்கள் பக்கத்துப் புழுதி ஒத்துவராது. கழுவித் துடைத்து வாசலில் விட்டால், தேநீர் குடித்து முடிப்பதற்குள் காவி படிந்துவிடும். கோகுலன் கைபேசியில் அந்தக் காரின் படத்தைக் காட்டியபோது நான் முதலில் சொன்னது இதைத்தான். என் மனைவி சிவலட்சுமியைக் கேட்டுப் பாருங்கள். குறையை மறைக்கும் பழக்கம் எனக்கு இல்லை.

இரண்டு கதவு, இரண்டு இருக்கை, நிலத்தோடு ஒட்டிய உடம்பு. பந்தயக் கார் மாதிரி. கொழும்பில் ஒரு வைத்தியரின் மகன் அதை மதிலில் மோதியிருக்கிறான். அடுத்தவர் கையில் வெள்ளத்துக்குள் நின்றிருக்கிறது. கடைசியில் வவுனியாவில் வீரகத்தி என்ற வாகனத் தரகரின் முற்றத்துக்கு வந்து சேர்ந்தது. கோகுலன் கிளிநொச்சியில் சிறிய ஸ்டூடியோ வைத்திருந்தான். கலியாணத்துக்கும் பெண்பிள்ளைகளின் சாமத்தியச் சடங்குக்கும் இப்போது இப்படியான காரில் சாய்ந்து நின்றுதான் படம் எடுக்கிறார்கள். வாடகைக் கார் கட்டுபடியாகவில்லை, சொந்தமாக ஒன்று இருந்தால் தொழில் நிமிர்ந்துவிடும் என்றான். நியாயமான யோசனை.

வட்டக்கச்சியில் வாகனம் வாங்குகிறவர்கள் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்கள். பஸ் டிப்போ ஒன்றில் வாகனங்களைச் சோதித்து வீதிக்கு விடும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். நான் சரியென்று விட்ட பஸ் ஒன்றும் வழியில் ஆளைக் கொன்றதில்லை. கோகுலனும் அதனால்தான் வந்தான். இன்னொரு காரணமும் இருந்தது. என் மகள் யதுர்ஷிகாவை அவன் கலியாணம் செய்ய இருந்தான்.

அதைப் பற்றியும் கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

கோகுலன் நல்ல பிள்ளை. குடிப்பதில்லை. அவனுடைய பாட்டனார் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து அக்கராயனில் காடு வெட்டிக் குடியேறியவர். என் தகப்பனார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வட்டக்கச்சியில் காடு வெட்டிக் குடியேறியவர். இரண்டும் ஒன்றுதானே என்று மகள் கேட்டாள். ஒன்று அல்ல. நாங்கள் வந்தது குடியேற்றத் திட்டத்தில். வாய்க்கால் தண்ணீரும் காணிப் பத்திரமும் எங்களை எதிர்பார்த்திருந்தன. ஆனால் இதை நான் அவளிடம் சொல்லவில்லை. இந்தக் காலத்தில் அப்படிக் கதைப்பது அழகில்லை. சண்டை நேரம் இடம்பெயர்ந்து, இரண்டு குடும்பமும் ஒரே தறப்பாள் கூடாரத்தின் கீழ் படுத்திருக்கிறோம். அவனுடைய தாய் காய்ச்சிய கஞ்சியை நான் குடித்திருக்கிறேன். கஞ்சி குடித்த இடத்தில் எல்லாம் சம்பந்தம் செய்வதில்லை, அவ்வளவுதான்.

என் அக்காமார் கனடாவில் இருக்கிறார்கள். "ஆர் ஆக்கள்?" என்பதுதான், எந்தக் குலம், எந்த ஊர் வழி என்பதுதான், அவர்களுடைய ஒரே கேள்வி. "நல்ல ஆக்கள்" என்று சொன்னேன். கேட்டதற்கு அது பதில் இல்லை என்று அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வருகிற சம்பந்தத்தைக் குழப்புகிறவனை ஊர் மன்னிக்காது. மகளும் மன்னிக்க மாட்டாள். ஆகவே நான் குழப்பவில்லை.

காரைப் பற்றிய விசாரணை இலகுவாக இருந்தது. நானும் கோகுலனும் வவுனியாவுக்கு பஸ்ஸில் போனோம். யன்னலோர இருக்கையை எனக்குத் தந்தான். அவன் காரைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்து முடித்த பிறகு, வீரகத்தியைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு நான் ஓட்டிப் பார்த்தேன். போகும்போது பிரேக் நன்றாகப் பிடித்தது. வெயிலில் நெடுந்தூரம் ஓடிச் சூடேறித் திரும்பும்போது, மிதி மெல்ல மெல்லத் தரைக்குப் போனது. கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை இழுத்து, ஒழுங்கை முனையில் இருந்த மணல் குவியலில் நிறுத்தினேன்.

வீரகத்தி நேர்மையான மனிதர். தரகருக்கு அது ஒரு குறைதான்.

"ஐயா, உதுதான் பிழை. ஆறினால் பிடிக்கும், சூடேறினால் பிடிக்காது. செய்விக்காமல் றோட்டிலை விடேலாது. நான் மறைச்சு விக்கேல்லை எண்டு மருமோனிட்டைச் சொல்லுங்கோ."

"ஓம், நான் சொல்லுறன்," என்றேன்.

அவர் பொலிஸில் உங்களுக்குத் தந்த வாக்குமூலத்தில் இது இருப்பதாகச் சொன்னீர்கள். சரிதான். ஒரு சொல்லும் பிசகில்லை.

முற்றத்தில் கோகுலன் ஓடி வந்தான். "எப்பிடி, மாமா?" என்றான். அதுவரை என்னை ஐயா என்றுதான் அழைத்தவன்.

"நல்ல வண்டி. வாங்கலாம்."

"பழைய பிழையள்?"

"பழசைக் கிளறினால் ஒருத்தரும் ஒண்டையும் வாங்கேலாது, தம்பி."

அவனுக்குக் கண் கலங்கியது. நான் காரைப் பற்றி மட்டும் சொல்லவில்லை என்று நினைத்துவிட்டான். என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடாமல் நின்றான்.

காரை லொறியில் ஏற்றிக் கொண்டுவந்து எங்கள் பக்கத்திலேயே பிரேக்கைச் செய்விப்போம் என்று வீரகத்திக்கு நானே பிறகு கைபேசியில் கோல் எடுத்துச் சொன்னேன். கோகுலன் காரை எடுக்கப் போன நாளில் அவர் அங்கே இருக்கவில்லை. விசயம் தெரியாத அவருடைய தம்பியார்தான் கார்த் திறப்பைக் கொடுத்திருக்கிறார். அவரைக் குற்றம் சொல்லாதீர்கள்.

யதுர்ஷிகாவும் அவனோடு போக வெளிக்கிட்டாள்.

"ரெண்டு சீற்தானே அப்பா. மற்றது எனக்குத்தான்."

கலியாணத்துக்கு முன்னர் இருவரும் ஒரு காரில் திரிவது சரியில்லை, ஊர் கதைக்கும் என்றேன். குசினிக்குள் இருந்து சிவலட்சுமி கேட்டாள்: "போன கிழமை அவன்ரை மோட்டார் சைக்கிளிலை புதுக்குடியிருப்புக்குப் போய் வரேக்கை ஊருக்கு வாயில்லையோ?" மகள் அழுதாள். போகவில்லை. அவளைப் பற்றி எனக்கு எவ்வளவு அக்கறை என்பதை இதிலிருந்து நீங்கள் விளங்கிக்கொள்ளலாம்.

கோகுலனுக்கு நானே ஒரு தேங்காய் எடுத்துக் கொடுத்தேன். ஏ9 வீதியில் போகிற எவரும் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் நிற்காமல் கடப்பதில்லை. பஸ், லொறி, அமைச்சரின் வாகனம் எல்லாம் நின்று தேங்காய் உடைத்து, கச்சான் கடலை வாங்கிக்கொண்டுதான் போகும். வாங்கிய வாகனம் முதன்முதல் நிற்கும் இடம் பிள்ளையாரடியாக இருக்க வேண்டும், அதுவரை வழியில் எங்கும் நிறுத்தி ஆறவிடாதே என்று அவனிடம் சொன்னேன். அப்படி ஒரு முறை எங்களிடம் இல்லை. அது நான் அன்று உண்டாக்கியது. சித்திரை மாத வெயிலில் வவுனியாவிலிருந்து முறிகண்டி நல்ல தூரம்.

கச்சான் விற்கும் பெண்கள் பார்த்திருக்கிறார்கள். கார் பிள்ளையாரைத் தாண்டி, வேகம் குறையாமல் போய், அப்பால் நின்ற மணல் லொறிக்குப் பின்னால் புகுந்தது. வேறு ஒருவருக்கும் காயமில்லை. அதற்காகப் பிள்ளையாருக்கு நன்றி சொன்னேன்.

ஊர் விசாரணை அன்று பின்னேரமே முடிந்தது. முறிகண்டியில் நிற்காமல் போனவன் என்றார்கள். கார்த் திமிர் என்றார்கள். பிரேக்கைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. பிள்ளையாரை மதிக்காதவன் செத்தால் அதற்கு மேல் காரணம் தேடுவது எங்களிடம் வழக்கமில்லை. நான் பிழையாக ஒரு சொல்லும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

செத்த வீட்டில் அவனுடைய தாய் வந்து என் முன்னால் இருந்தா. "எம் புள்ள சாமியக் கும்பிடாம தாண்டிப் போற புள்ள இல்லைங்கையா," என்றா.

"எனக்குத் தெரியும்," என்றேன்.

அந்தக் கூட்டத்தில் அவாவின் சொல்லை நம்பியவன் நான் ஒருவன்தான். அவாவும் அதைக் கண்டுகொண்டா. கையெடுத்துக் கும்பிட்டா.

யதுர்ஷிகா இப்போது என்னோடு கதைப்பதில்லை. நாளாகச் சரியாகிவிடும். அக்காமார் கனடாவில் ஒரு சம்பந்தம் பார்த்திருக்கிறார்கள். விவாகரத்தானவர், கொஞ்சம் குடிப்பார். ஆனால் ஆட்கள் சரி.

நான் செய்ததை நீங்கள் கொலை என்று எழுதுவீர்கள். எழுதுங்கள். பிரேக் பிடிக்காது என்று தெரிந்துதான் அனுப்பினேன். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். அவன் ஆர், அவனுடைய பாட்டன் எங்கிருந்து வந்தவர் என்று சொல்லி நான் அந்தப் பிள்ளையை ஒருநாளும் நோகடித்ததில்லை. நான் தன்னை மருமகனாக ஏற்றுக்கொண்டேன் என்ற சந்தோசத்தோடுதான் அவன் செத்தான். அந்தளவுக்காவது நான் பெருந்தன்மையாக நடந்திருக்கிறேன்.