சாய்கோடு தப்பாகச் சாய்ந்த புத்தகம்

இந்த அவைக்குத் தலைமை ஏற்று, காலையிலிருந்து மைக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் ஐயா சுப்பராயலு அவர்களே; நம் படிப்பகத்துக்குக் கணினி நூல் அலமாரி ஒன்றை மனமுவந்து அளித்து, முன்வரிசையில் மாலையோடு அமர்ந்திருக்கும் பட்டுக்கடை உரிமையாளர் ஜெயச்சந்திரன் அவர்களே; தேசூரிலிருந்தும் பெரணமல்லூரிலிருந்தும் பேருந்தில் நின்றுகொண்டே வந்து சேர்ந்திருக்கும் பெரியோர்களே; அடுப்பை அணைத்துவிட்டு, அலுப்பை மறைத்துவிட்டு வந்து அமர்ந்திருக்கும் அன்னையர்களே; என் தட்டச்சு நிலையத்தில் விரல் நோக விசை தட்டி, இன்று வேலையில் அமர்ந்திருக்கும் என் மாணவ மாணவியரே; உங்கள் எல்லோருக்கும் ஜெபராணியின் அன்பு கலந்த வணக்கம்.

அழைப்பிதழில் எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, 'கணினியும் காலத்தின் கட்டளையும்'. மன்னிக்க வேண்டும். காலம் எனக்கு எந்தக் கட்டளையும் இடவில்லை. நான் இன்று பேசப்போவது ஒரே ஒரு புத்தகத்தைப் பற்றி. எரிச்சலோடுதான் பேசப்போகிறேன். பாராட்டிப் பேசத்தானே கூப்பிட்டோம் என்று தலைவர் என்னைப் பார்க்கிறார். பொறுத்துக்கொள்ளுங்கள் ஐயா.

மூன்று ஆண்டுகளுக்கு முன், இரண்டாயிரத்து இரண்டில் நடந்தது இது. ஜெயச்சந்திரன் ஐயா கடையில் திலகவதி என்றொரு பெண். வருகிறவர்களுக்குப் புடவை விரித்துக் காட்டுவதும், அவர்கள் போனபின் மடித்து அடுக்குவதும் ஆறு ஆண்டுகளாக அவள் வேலை. மாலையில் என் நிலையத்துக்கு வந்து தட்டச்சு மேல்நிலைத் தேர்வை முதல் வகுப்பில் முடித்தவள். அந்த ஆண்டு சிங்கப்பூரிலிருந்து வந்த வாடிக்கையாளர் ஒருவர், உங்கள் கடைக்கு இணையத்தில் பக்கம் இருக்கிறதா என்று ஐயாவைக் கேட்டுவிட்டார். ஐயா திலகவதியைக் கூப்பிட்டார். "நீதான் டைப் அடிக்கிறியேம்மா. தீபாவளிக்குள்ள பத்துப் பொடவைய அந்த இன்டர்நெட்ல காட்டு. அப்புறம் அந்த வேலையே உனுக்குத்தான். இல்லன்னா வேலூர் ஆளுங்ககிட்ட குடுத்துடுவேன்."

அன்று மாலை அவள் என் நிலையத்துக்கு ஓடி வந்தாள். "மிஸ், எச்.டி.எம்.எல். கத்துக்கணும். ஜல்தியா கத்துக்கணும்" என்றாள். கணினித் திரையில் எதை எங்கே எப்படிக் காட்ட வேண்டும் என்று குறி போட்டுச் சொல்லும் மொழி அது. எனக்கு அது தெரியாது. அதற்குள் இரண்டு கணினி வாங்கிப் போட்டிருந்தேன்; அதில் கடிதம் அடிக்கத் தெரியும், அவ்வளவுதான். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னேனா? சொல்லவில்லை. "புத்தகம் வாங்கினா போதும், பாத்துக்கலாம்" என்றேன்.

பேருந்து நிலையத்துக்கு அருகில் இருந்த கடையில் இரண்டு புத்தகங்கள் இருந்தன. ஒன்று ஆங்கிலம், தொள்ளாயிரம் பக்கம். பெயர் 'தொடக்க நிலையினருக்கு'. முதல் அறுபது பக்கம் இணையம் பிறந்த கதை, வளர்ந்த கதை, அதைப் பெற்றவர்களின் புகைப்படம். அறுபத்தோராம் பக்கத்தில், 'நீங்கள் ஏற்கெனவே அறிந்தபடி' என்று தொடங்குகிறது. ஏற்கெனவே அறிந்தவன் எதற்கு ஐயா தொடக்க நிலைப் புத்தகம் வாங்குகிறான்? அறியாதவனுக்கு எழுதுகிறேன் என்று அட்டையில் சொல்லிவிட்டு, அறிந்தவனோடு உள்ளே பேசுவது என்ன நியாயம்?

இன்னொன்று தமிழ். பளபளக்கும் அட்டை, நீல நிறத்தில் உலக உருண்டை, அதைச் சுற்றி மின்னல். 'முப்பதே நாளில்' என்று மஞ்சள் எழுத்து. அதைத்தான் எடுத்தேன். அவள் எடுக்கவில்லை, நான் எடுத்தேன். உள்ளே ஒரு பக்கமாவது புரட்டினேனா? ஒரு புடவை எடுக்க வந்தால் இருபது புடவையை விரிக்கச் சொல்கிறோம். வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் ஜரிகையைப் பார்க்கிறோம். முந்தானையைப் புரட்டுகிறோம், மூத்தவளைக் கேட்கிறோம், முடியாமல் மறுநாளும் வருகிறோம். ஒருத்தியின் பிழைப்பையே மாற்றப்போகிற புத்தகத்தை மட்டும் அட்டையைப் பார்த்து அள்ளிக்கொண்டு வருகிறோம். சிரிக்காதீர்கள் அம்மா, நானும் உங்களில் ஒருத்திதான்.

மறுநாள் முதல் பாடம். புத்தகத்தில் இருக்கிற எட்டு வரியை அப்படியே அடித்தால், திரையில் 'வெல்கம்' என்று வரும் என்று போட்டிருந்தது. அடித்தாள். திரை வெள்ளை. அழித்து அடித்தாள். திரை வெள்ளை. எழுத்து எழுத்தாக விரல் வைத்துப் பார்த்து அடித்தாள். பார்த்த திரை பால்போல் வெள்ளை. ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, பத்தொன்பது நாள். நாள் முழுக்கக் கடையில் நின்ற காலோடு வந்து, பத்தொன்பது மாலையும் அந்த எட்டு வரியை அடித்து, பத்தொன்பது மாலையும் ஒன்றுமே இல்லாத திரையைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? இதைச் சொல்லத்தான் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. திட்டினேன்.

"கவனம் எங்க இருக்குது உனுக்கு? வீட்ல ஏதாவது பேஜாரா?"

"இல்ல மிஸ். பாத்துப் பாத்துதான் அடிக்கறேன்."

"பாத்து அடிச்சா ஏன் வரல? புக்குல தப்பா போடுவாங்களா?"

இருபதாம் நாள் அவள் வரவில்லை. கடையில் ஐயாவிடம் போய், "எனுக்கு வரல சார். வேற யார்கிட்டயாவது குடுத்துடுங்க" என்று சொல்லியிருக்கிறாள். வேலை வேலூருக்குப் போனது. அவள் புடவை மடிக்கப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் தட்டச்சுத் தேர்வு முடிவு பார்க்க, ராபர்ட் நடத்தும் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா மிஸ், யார் மேல கோவம்?" என்றார். கதையைச் சொன்னேன். பையில் இருந்த புத்தகத்தையும் காட்டினேன். அவர் திரையில் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து, மவுஸின் வலது பொத்தானை அழுத்தி, அந்தப் பக்கத்தை எழுதிய குறிகளைக் காட்டினார். புத்தகத்தைப் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

எளிமையாகச் சொல்கிறேன், தாய்மார்களே. இந்த மொழியில் ஒரு செய்திக்கு முன்னால் ஒரு குறி போட வேண்டும், பின்னால் ஒரு குறி போட வேண்டும். பின்னால் போடும் குறியில் ஒரு சாய்கோடு இருக்கும். 'இது இத்தோடு முடிந்தது' என்று அதற்குப் பொருள். அந்தக் கோட்டின் தலை வலப்பக்கம் சாய வேண்டும். நான் வாங்கிய புத்தகத்தில் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. ஓரிடத்தில் இல்லை. அட்டை முதல் அட்டை வரை, அத்தனை பக்கத்திலும், அத்தனை குறியிலும்.

"தலைப்பு முடிஞ்சதுன்னே மெஷினுக்குத் தெரியல மிஸ்" என்றார் ராபர்ட். "கீழ இருக்கறதெல்லாம் தலைப்புன்னே நெனச்சிகினு நிக்குது. அதான் வெள்ளையா கீது."

நேரே திலகவதி வீட்டுக்குப் போனேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சொன்னேன். ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டாள். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்திருந்தேன்.

"அப்ப நான் சரியாதான் அடிச்சிகினு இருந்தனா மிஸ்?"

"ஆமாம் திலகா."

"பத்தொம்போது நாளும்?"

"பத்தொம்போது நாளும்."

தோளில் இருந்த துணியை எடுத்துக் கொடியில் போட்டாள். "எனுக்கு மூளையே இல்லன்னு நெனச்சிட்டேன் மிஸ். நீங்களும் அப்டிதான சொன்னீங்க."

"எனக்கும் எச்.டி.எம்.எல். தெரியாது திலகா. தெரிஞ்ச மாதிரி பேசிட்டேன். என் தப்புதான்" என்றேன். இருபது ஆண்டு ஆசிரியர் வாழ்க்கையில் ஒரு மாணவியிடம் நான் மன்னிப்புக் கேட்டது அன்றுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் வேலூர் போனோம். பெரிய புத்தகக் கடை. இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை, தேர்ந்தெடுத்தவள் அவள். ஒவ்வொரு புத்தகத்திலும் முதல் எடுத்துக்காட்டைத் தாளில் எழுதிக்கொண்டு, எதிரே இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போய் அடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். மூன்றாவது முறை கடைக்காரர் பொறுமை இழந்தார்.

"யம்மா, வாங்கறீங்களா, எழுதிகினே இருக்கப்போறீங்களா?"

"வேல செய்யுதான்னு பாத்துட்டு வாங்கறேங்க" என்றாள்.

நான்காவது புத்தகம் நூற்றுப் பன்னிரண்டே பக்கம். மங்கலான அட்டை, உருண்டையும் இல்லை, மின்னலும் இல்லை. மற்ற மூன்றும் வேலை செய்தனவே, இதை ஏன் எடுத்தாய் என்று கேட்டேன். முதல் பாடத்தின் கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். 'திரை வெள்ளையாக இருக்கிறதா? இந்த மூன்று இடங்களைப் பாருங்கள்' என்று போட்டிருந்தது.

"தப்பு வந்தா இன்னா பண்றதுன்னு இதுல எழுதிகீறாங்க மிஸ். மத்ததுல எல்லாம் நமக்குத் தப்பே வராதுன்னு நெனச்சிகினு எழுதிகீறாங்க."

அவையோரே, கற்றோரே, மற்றோரே, இதைவிடச் சிறந்த நூல் மதிப்புரையை நான் இன்றுவரை படித்ததில்லை.

அவள் அந்தப் புத்தகத்தை நான்கு மாதத்தில் முடித்தாள். ஆனால் கடைப்பக்கத்தை அதற்குள் வேலூர்க்காரர்கள் செய்துவிட்டார்கள். அதில் கடையின் தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கம் தவறு. எட்டு மாதம் ஐயா போன் போட்டுப் போட்டு அலுத்தார், அவர்கள் 'நாளைக்கு, நாளைக்கு' என்றார்கள். ஒருநாள் திலகவதி புடவையை மடித்து வைத்துவிட்டு, கடைக் கணினி முன் உட்கார்ந்து, ஐயாவிடம் இருந்த கடவுச்சொல்லைப் போட்டு, ஐந்தே நிமிடத்தில் அதைத் திருத்தினாள். அன்றிலிருந்து அந்தப் பக்கம் அவள் பொறுப்பு. ஐயாவே அதைப் பலமுறை பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

இதற்கிடையில் அந்தப் பதிப்பகத்துக்கு நான் கடிதம் எழுதினேன். பதில் வந்தது: 'அச்சுப்பிழைக்கு வருந்துகிறோம். மறுபதிப்பில் திருத்தப்படும்.' மறுபதிப்பும் வந்தது. உருண்டை பச்சையானது. மின்னல் இரட்டையானது. முப்பது நாள் இருபத்தொன்றாகச் சுருங்கியது. எல்லாம் மாறியது, சாய்கோடு மட்டும் சாய்ந்தபடியே இருந்தது. எழுதியவர் அடித்துப் பார்க்கவில்லை. அச்சிட்டவர் அடித்துப் பார்க்கவில்லை. விற்றவர் பார்க்கவில்லை, வாங்கிய நானும் பார்க்கவில்லை. அத்தனை பேரின் சோம்பலுக்கும் சேர்த்து, பத்தொன்பது நாள் தண்டனை அனுபவித்தவள் ஒருத்தி.

எதற்காக இந்தக் கதை இன்றைக்கு என்கிறீர்களா? காலை பத்து மணிக்கு, திறந்து வைப்பதற்கு முன் பார்த்துவிடுவோமே என்று இந்த அலமாரியின் திரைச்சீலையை விலக்கினேன். இருபது புத்தகங்கள். அதில் பன்னிரண்டு, பச்சை உருண்டை.

முன்வரிசையில் சலசலப்பு. ஜெயச்சந்திரன் ஐயா எழுந்து நிற்கிறார். மைக் இல்லாததால் பின்னால் கேட்காது. அவர் சொல்வதை நானே சொல்கிறேன். "இந்த புக்காலதான் அந்தப் பொண்ணு அன்னிக்கு முடியாதுன்னு சொல்லிச்சா? எங்கிட்ட ஏம்மா சொல்லல?" என்று கேட்கிறார்.

ஐயா, அதற்கு நான் பதில் சொல்லக்கூடாது. ஐந்தாம் வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் அவளே இருக்கிறாள். சொல் திலகா, எழுந்து சொல்.

கேட்டதா எல்லோருக்கும்? "ஏன் முடியலன்னு நீங்க கேக்கல சார்" என்கிறாள்.

கைதட்ட வேண்டாம். தயவுசெய்து தட்டாதீர்கள். அவர் தலை குனிந்து நிற்கிறார். நல்ல மனதோடு கொடுத்த மனிதர் அவர். கொடுத்த கையில் குற்றமில்லை, தேர்ந்த விதத்தில்தான் குற்றம். இப்போது, "எடுத்துருங்க, பன்னண்டையும் எடுத்துருங்க. எது வேணும்னு அந்தப் பொண்ணே சொல்லட்டும்" என்கிறார். தலைவர் ஐயாவும் தலையசைக்கிறார்.

எனவே, எட்டுப் புத்தகங்களோடும் பன்னிரண்டு காலி இடங்களோடும் இந்த அலமாரியைத் திறந்து வைக்கிறேன். வெட்கப்பட ஒன்றுமில்லை. பொய் நிரம்பிய தட்டைவிட வெற்றுத் தட்டு மேல். அந்தக் காலி இடங்களை, ஒன்றும் தெரியாத ஒருவர் உட்கார்ந்து அடித்துப் பார்த்துச் சரி என்று சொன்ன புத்தகங்களால் மட்டுமே நிரப்புவோம். இனி இந்த ஊரில் ஒரு பிள்ளை 'எனக்கு வரவில்லை' என்று சொன்னால், பிள்ளையைத் திட்டுவதற்கு முன் புத்தகத்தைப் புரட்டுங்கள்.

என் எரிச்சலை இவ்வளவு நேரம் பொறுத்துக்கொண்ட தலைவருக்கும், பாதியில் எழுந்து போகாத உங்கள் அனைவருக்கும் நன்றி. திலகா, மேலே வா. அலமாரிச் சாவி உன்னிடம் இருக்கட்டும். எல்லோருக்கும் வணக்கம்.