நான்கு முளைகள்

விளையாட்டுச் சட்டைகளைத் துவைப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வெந்நீரில் போடக் கூடாது, போட்டால் முதுகில் இருக்கும் எண் உரிந்துவிடும். உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, குளிர்ந்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊற வைத்தால் போதும். பதினேழு ஆண்டுகளில் ஒரு சட்டையின் எண் கூட என் கையில் உரிந்ததில்லை.

எங்கள் குடியிருப்பின் கால்பந்து சங்கத்தில் நான் தொண்டராக இருந்தேன். பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. அந்த விடுமுறையைத்தான் மைதானத்துக்குக் கொடுத்தேன். விடிந்ததும் முதல் ஆளாகப் போவேன். சுண்ணாம்புத் தூளால் கோடு போடுவேன், தண்ணீர்க் கேன்களை நிரப்புவேன், முதலுதவிப் பெட்டியில் பஞ்சு இருக்கிறதா, பனிக்கட்டி இருக்கிறதா என்று பார்ப்பேன். எல்லோருக்கும் நான் அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். என் உண்மையான பெயர் அங்கே யாருக்காவது தெரியுமா என்று ஒரு முறை யோசித்துப் பார்த்தேன். ஒருவரும் நினைவுக்கு வரவில்லை.

முளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வார நாட்களில் அந்த மைதானத்தில் கார் ஓட்டப் பழக்குகிறார்கள். அதனால் இரண்டு கோல் கம்பங்களையும் ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு சனிக்கிழமை இரவு அந்தப் பயிற்சி ஆட்களே மறுபடியும் இடத்துக்கு இழுத்து வைப்பார்கள். முழுக்க இரும்பு. நகர்த்த ஆறு பேர் வேண்டும். கனமான பொருள் என்பதால் அசையாது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அதன் கனமெல்லாம் முன்பக்கத்தில், மேலே. பின்னால் தரையோடு கிடக்கும் சட்டத்தை அழுத்திப் பிடிக்காவிட்டால், மேலே ஒருவர் தொங்கினால் போதும், முன்பக்கமாகச் சாய்ந்துவிடும். அதனால் ஒவ்வொரு கம்பத்துக்கும் நான்கு இரும்பு முளைகள். முழங்கை நீளம். சம்மட்டியால் அடித்து இறக்க வேண்டும். பின்சட்டத்தின் மேல் மூலைக்கொன்றாக இரண்டு மணல் மூட்டை. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சேர்ந்த புதிதில் ஒரு நாள் காற்றடித்தபோது கம்பம் ஆடியதைப் பார்த்து, நானாகத் தொடங்கினேன். மற்றவர்கள் வருவதற்குள் அடித்து முடித்து, எல்லோரும் போன பிறகு பிடுங்கி எடுத்துவிடுவேன். அதனால் யாருக்கும் தெரியாது.

ஒருவருக்குத் தெரியும். எங்கள் கோல் காவலர். வெல்டிங் வேலை செய்பவர், முப்பது வயது, நல்ல உயரம். சுவர் என்று பட்டப்பெயர். ஆட்டம் தொடங்கும் முன் தாவி மேல் கம்பத்தைப் பிடித்து நான்கு முறை ஊஞ்சலாடுவார். அப்போதுதான் தோள் இளகும் என்பார். இரும்போடு பழகிய ஆள் என்பதால் கீழே குனிந்து பார்த்திருக்கிறார்.

"அப்படித் தொங்காதேப்பா" என்று நான் சொல்வேன்.

"நீங்க அடிச்ச முளை இருக்கில்ல அக்கா. யானையே தொங்கினாலும் அசையாது" என்பார்.

நல்ல மனிதர். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

சங்கத்தின் இருபதாம் ஆண்டு விழாவை ஒரு கூடத்தில் வைத்தார்கள். செயலாளர் பல் மருத்துவர், புதிதாக வந்தவர், சுறுசுறுப்பானவர். நன்றியுரையை எழுதியே கொண்டு வந்திருந்தார். ஒலிபெருக்கி கொடுத்தவர், நாற்காலி அடுக்கியவர், கூடத்தைத் திறந்துவிட்ட காவலாளி என்று எல்லோருக்கும் நன்றி சொன்னார். நான் பின்னால் தேநீர்த் தட்டோடு நின்றேன். கடைசித் தாளையும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு, சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். "சார், பட்டியல்ல நான் விட்டுப் போயிட்டேன் போல."

"அட, நீங்க நம்ம வீட்டு ஆளு அக்கா. வீட்டு ஆளுக்கு யாராவது நன்றி சொல்வாங்களா?" என்றார். உடனே பக்கத்தில் நின்ற புது உறுப்பினரிடம் திரும்பி, "நம்ம சங்கத்துல அதுதான் விசேஷம். எல்லாம் தானா நடக்கும்" என்றார்.

நான் கோபப்படவில்லை. கோபப்பட்டதாக நீங்கள் எழுதினால் அது தவறாகிவிடும். தானாக என்ற அந்தச் சொல் மட்டும் பல்லில் சிக்கிய நார் போல வாரம் முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது. தையல் எந்திரத்தில் உட்கார்ந்திருக்கும்போதும் அதுதான்.

முதலில் கோடு போடுவதை விட்டேன். முதுகு வலி என்றேன். யாரோ சுண்ணாம்பை எடுத்துக் கோணல் மாணலாகப் போட்டார்கள். பத்து நிமிடம். கோணலை யாரும் கவனிக்கவில்லை. அடுத்த வாரம் தண்ணீர் நிரப்பவில்லை. அவரவர் வீட்டிலிருந்து கொண்டு வந்ததைப் பகிர்ந்து குடித்தார்கள். அதற்கும் அடுத்த வாரம் பனிக்கட்டி இல்லை. ஒருவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய் பத்து நிமிடத்தில் வாங்கி வந்தார். யாரும் முகம் சுளிக்கவில்லை, யாரும் என்னைத் தேடவும் இல்லை. நான் விட்ட ஒவ்வொரு இடமும் பத்தே நிமிடத்தில் மூடிக்கொண்டது. தண்ணீரில் கையை விட்டு எடுத்த மாதிரி.

முளைகள் மட்டும்தான் பாக்கி இருந்தன.

முதல் ஞாயிறு முளைகளை அடிக்கவில்லை. சாக்கில் கட்டி வீட்டிலேயே வைத்துவிட்டேன். மணல் மூட்டைகள் இருந்தன. கோல் காவலர் வழக்கம் போலத் தொங்கினார். கம்பம் லேசாக முனகியது, அவ்வளவுதான். ஆட்டம் நடந்தது, ஜெயித்தார்கள், கைதட்டினார்கள். நான் வீட்டுக்கு வந்து சோறு கூடச் சரியாகச் சாப்பிடவில்லை. அதுவும் தானாக நடந்துவிட்டது.

அந்த வாரம் மணல் மூட்டைகளையும் எடுத்து வந்தேன். ஓரத்தில் தையல் பிரிந்திருந்தது உண்மை. மணலைக் கொட்டிவிட்டு வெறும் சாக்கைத் துவைத்துக் காயப் போட்டேன். என் கணவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். பேச்சு குறைவு. கொடியில் சாக்கையும் கதவோரத்தில் முளைகளையும் பார்த்துவிட்டு, "இதெல்லாம் இங்க இருந்தா அங்க என்ன இருக்கும்?" என்று கேட்டார்.

"தைக்கிறதுக்குக் கொண்டு வந்தேன்" என்றேன்.

"முளையையுமா?"

நான் கொடியில் இருந்த சாக்கை உதறித் திருப்பிப் போட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அவரை இதில் இழுக்க வேண்டாம். கேட்டார், விட்டுவிட்டார்.

நான் நினைத்தது இதுதான். கம்பம் ஆடும். ஆடியதும் கோல் காவலர் குதித்து இறங்குவார். இரும்பின் போக்குத் தெரிந்தவர் அல்லவா. உடனே கீழே குனிந்து பார்ப்பார், அக்கா முளை அடிக்கலையே என்று நாலு பேர் காதில் விழச் சொல்வார். செயலாளரும் கேட்பார். வேறு யார் சொன்னாலும் நம்ப மாட்டார்கள், இவர் சொன்னால் நம்புவார்கள். அதற்காகத்தான் அவர் நிற்கும் பக்கத்துக் கம்பத்தை மட்டும் அப்படி விட்டேன். எதிர்ப் பக்கத்துக்கு வேறு முளைகளும் மூட்டைகளும் இருந்தன. அதைப் பலமாகவே அடித்தேன். நீங்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த ஞாயிறு அவர் தாவினார். முதல் ஊஞ்சலில் பின்பக்கச் சட்டம் தரையை விட்டு எழும்பியது. இரண்டாவதற்குக் கம்பம் அவரோடு வந்தது. இறங்க நேரம் இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். இல்லை. மேல் கம்பம் அவர் கழுத்துக்குக் கீழே, நெஞ்சின் மேல் விழுந்தது. தூக்குவதற்கு ஆறு பேர் வேண்டும் என்று சொன்னேன் அல்லவா. நான்கு பேர்தான் பக்கத்தில் இருந்தார்கள். முதலுதவிப் பெட்டியை நான்தான் கொண்டு போனேன். அன்று அதில் எல்லாமே இருந்தது.

அவர் வீட்டில் மூன்று நாளும் இருந்தேன். துக்கம் கேட்க வந்தவர்களுக்குத் தேநீர் போட்டேன், பாத்திரம் கழுவினேன், இரண்டு வயதுப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுத் தூங்க வைத்தேன். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க மட்டும் இல்லன்னா நான் என்ன ஆகியிருப்பேன்னே தெரியல அக்கா" என்று சொன்னாள். அந்த வாக்கியத்தை என்னிடம் யாரும் அதுவரை சொன்னதில்லை. குழந்தையை அவள் மடியில் விட்டுவிட்டுச் சமையலறைக்குப் போய், கழுவிய தம்ளர்களையே திரும்பவும் கழுவினேன். அது மகிழ்ச்சி என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

செயலாளர் பாதியாக மெலிந்துவிட்டார். கிளினிக்கைப் பூட்டி வைத்திருப்பதாகச் சொன்னார்கள். அவரைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவருக்காக நான் இங்கே வரவில்லை.

போன வாரம் உங்கள் அலுவலகத்தின் விசாரணை அறிக்கையைச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். நின்று முழுக்கப் படித்தேன். எதிர்ப் பக்கத்துக் கம்பம் மைதானம் சமன் செய்த நாளிலேயே நிலையாகப் பொருத்தப்பட்டது என்று எழுதியிருந்தார்கள். அன்று காலையில் நான் அடித்ததைத்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள். இந்தப் பக்கத்துக் கம்பமோ "தொடக்கத்திலிருந்தே எவராலும் தரையில் பொருத்தப்படாமல்" இருந்ததாம். இத்தனை காலம் விழாமல் இருந்தது தற்செயலாம். அந்த வரியை மூன்று முறை படித்தேன். அதனால்தான் வந்திருக்கிறேன். முளைகளையும் கொண்டு வந்திருக்கிறேன், அந்தப் பையில் இருக்கின்றன. தலைப்பகுதி எப்படி நசுங்கியிருக்கிறது பாருங்கள். தற்செயலாக அப்படி நசுங்குமா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அன்று காலை தாவுவதற்கு முன்னால் அவர் கையுறையைப் பல்லால் இழுத்து மாட்டிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார். முந்தின வாரம் கம்பம் முனகியது அவருக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"அக்கா, முளை அடிச்சாச்சா?"

பதினேழு ஆண்டுகளில் என் வேலையைப் பற்றி ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது. இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"அடிச்சாச்சுப்பா" என்றேன்.

அவர் அதற்கு மேல் கீழே பார்க்கவில்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை. இதில் என் தவறு என்று ஏதாவது இருந்தால் அந்த ஒரு சொல்தான். மற்றபடி நான் எதையும் செய்யவில்லை, செய்துகொண்டிருந்ததை நிறுத்தினேன்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். அறிக்கையைத் திருத்தும்போது மட்டும் ஒரு உதவி. பதினேழு ஆண்டுகள் என்பதை எழுத்தால் எழுதுங்கள். எண்ணாகப் போட்டால் யார் கண்ணிலும் படாமல் போய்விடும்.