தவளையின் குடலறிந்த டாக்டரம்மாவுக்கு, அவரே திருத்திக் கொடுத்த மடல்

தொட்டி நீரில் துள்ளித் திரியும் தலைப்பிரட்டைகளுக்குத் தாயே! குடல் சுருங்கும் கோலத்தைக் கண்ணாடித் தகட்டில் கண்டறிந்த கூர்விழியே! ஓய்வறியா உழைப்பே, ஒப்பிலா ஒழுங்கே, எங்கள் ஆய்வுக்கூடத்தின் அணையா விளக்கே! முப்பத்தோர் ஆண்டுகள் முகம் சுளிக்காது பணியாற்றி இன்று ஓய்வு பெற்றுச் செல்லும் தங்களுக்கு, உடன் உழைத்தோர் அனைவரும் உள்ளம் நெகிழ்ந்து வழங்கும் மடல் இது.

இந்த இடம் வரை முதலில் எழுதிய படியிலும் இப்படியேதான் இருந்தது. 'தாயே' என்பதைத் தாங்கள் அடித்துவிட்டு, ஓரத்தில் சிவப்பு மையால் "தவளைதான் தாய்" என்று எழுதினீர்கள். 'அணையா விளக்கே' என்பதற்கு எதிரே, போன வாரம்கூட மின்சாரம் போனதே என்று எழுதினீர்கள். 'முகம் சுளிக்காது' என்பதற்கு நேரே ஒரு கேள்விக்குறி மட்டும் இருந்தது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் மடலில் காற்புள்ளிகள்தான் மிஞ்சும் என்பதால், இவற்றை மட்டும் தங்கள் அனுமதியின்றியே விட்டுவைத்திருக்கிறோம்.

வாழ்த்தப்படுபவரே வாழ்த்தைத் திருத்துவதா என்று சபையில் இருப்பவர்கள் வியக்கலாம். இக்கூடத்தில் தங்கள் சிவப்பு மை படாமல் எந்தத் தாளும் வெளியே போனதில்லை. ஆய்வுக் கட்டுரைக்கும் அதே கதி, விடுப்பு விண்ணப்பத்துக்கும் அதே கதி, கடுமையான காய்ச்சல் என்று எழுதினால் "எத்தனை டிகிரி?" என்று கேட்டுத் திரும்பி வரும். இந்த மடலை எழுதியவரும் பழக்க தோஷத்தில் கொண்டுபோய்த் தங்கள் மேசையில் வைத்துவிட்டார்.

அவர் எங்கள் அலுவலக உதவியாளர். மடலார் என்றால்தான் வாசல் காவலருக்குக்கூடத் தெரியும். இங்கே ஓய்வு பெற்ற அத்தனை பேருக்கும் அவர்தான் எழுதினார். உண்மையில் அது ஒரே மடல்தான். பெயரும் பதவியும் மட்டும் மாறும். ஓட்டுநரும் 'எடுத்த பணியை இனிதே முடித்தவரே', முன்னாள் இயக்குநரும் 'எடுத்த பணியை இனிதே முடித்தவரே'. இதுவரை ஒருவரும் மறுத்ததில்லை. தங்களிடமிருந்து திரும்பி வந்த தாளிலோ, மற்றவற்றின்மேல் ஒற்றைக் கோடு இருக்க, அந்தச் சொற்கள் மட்டும் தாள் கிழியும் அளவுக்கு அடிபட்டிருந்தன. மனிதருக்கு முகம் தொங்கிப்போய்விட்டது. தன்னடக்கத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா என்று புலம்பியபடி, கொண்டுவந்த சாப்பாட்டைத் திறக்காமலே வைத்துவிட்டார்.

தங்களிடம் கேட்டே விடுவது என்று பிற்பகலில் தலைப்பிரட்டைகள் வளரும் தொட்டி அறைக்கு வந்தார். அந்த அறைக்கு வலையும் குழாயும் தீவனமும் வாங்கக் கோப்பு எழுதியவர் அவர்தான் என்றாலும், உள்ளே காலடி வைத்தது அன்றுதான். மூன்றாம் தொட்டியில் முன்னங்கால் முளைத்து, வால் இன்னும் மிச்சமிருந்த ஒரு கூட்டம் கிடந்தது. தொட்டியில் தீவனமே இல்லை என்று பார்த்ததும் பதறிப்போனார்.

தாங்கள் பொறுமையாக விளக்கினீர்கள். பாசி தின்ற நீளக் குடல் உள்ளுக்குள் சுருங்கிக்கொண்டிருக்கிறது; பூச்சி தின்னப்போகும் குட்டைக் குடல் இன்னும் தயாராகவில்லை; இடைப்பட்ட நாட்களில் அவை எதையும் தின்பதில்லை. கழுத்துப் பக்கம் இருக்கும் தைராய்டு சுரப்பியின் ஹார்மோன் இரத்தத்தோடு போய் இந்த வேலையைத் தொடங்கிவைக்கிறது. சுரப்பியை மருந்தால் அடக்கினால் தலைப்பிரட்டை தலைப்பிரட்டையாகவே வளர்ந்து பெரிதாகும். ஹார்மோனை முன்கூட்டியே நீரில் கலந்தால், பருவம் வரும் முன்னே மாறத் தொடங்கும். உடலிலிருந்து எடுத்துக் கிண்ணத்தில் வைத்த குடல் துண்டுகூட அந்த ஹார்மோன் பட்டால் மாறும் என்று கேட்டதும், மடலார் ஒரு நாற்காலியைத் தேடி உட்கார்ந்துவிட்டார். குடலின் உட்சுவர்ச் செல்களில் பெரும்பாலானவை மடிந்துபோக, ஏதோ ஒரு சில மட்டும் தப்பிப் பெருகிப் புதுக் குடலைக் கட்டுகின்றன என்றபோது அவர் குறுக்கே கேட்டார்.

"எல்லாத்துக்கும் ஒரே ஹார்மோன்தானேம்மா போகுது? அப்புறம் ஏன் சிலது சாகுது, சிலது பிழைக்குது?"

"பக்கத்துல இருக்கிற திசு கைகொடுத்தாதான் பிழைக்கும், அது வரைக்கும் தெரியும். ஆனா பிழைக்கிறது எதுன்னு எப்படி முடிவாகுதுன்னு இன்னும் முழுசாப் பிடிபடலை. இத்தனை வருஷமா அதைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன்."

விளையாட்டாகச் சொல்கிறீர்கள் என்றே அவர் நினைத்தார். அப்போதுதான் தாங்கள் கதவில் அன்று காலை ஒட்டப்பட்டிருந்த ஆணையைக் காட்டினீர்கள். டாக்டரம்மா 'எடுத்த பணியை இனிதே முடித்துவிட்டபடியால்' தொட்டி அறை காலி செய்யப்பட்டுக் கூட்ட அறையாக மாற்றப்படும் என்றிருந்தது. கீழே இயக்குநரின் கையொப்பம். அந்த நடை யாருடையது என்று மடலாருக்குத் தெரியாதா? வாழ்த்துரைக்குக் குறிப்பு வேண்டும் என்று இயக்குநர் கேட்டதால், முதல் படியின் நகலை அனுப்பிவைத்ததே அவர்தான். அலங்காரத்துக்குப் போட்டது அறிக்கையாகப் போய்ச் சேர்ந்திருந்தது. தங்களுக்குப் பின் அந்தக் கேள்வியைத் தொடரவேண்டிய உதவி ஆய்வாளர், மூலையில் நுண்ணோக்கிக் கண்ணாடித் தகடுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அறை போனால் அந்தப் பெண்ணின் ஆய்வும் அதோடு போகும்.

மடலார் மாடிப்படி ஏறிய வேகத்தைப் பார்த்தவர்கள், எங்கோ தீப்பிடித்துவிட்டது என்றே நினைத்தார்கள். இயக்குநர் முன்னால் போய் நின்று, அந்த வரி உண்மையில்லை ஐயா, மடலில் வழக்கமாகப் போடுவது என்றார். இயக்குநருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஓட்டுநருக்குப் போட்டது? அதுவும் வழக்கம்தான். முன்னாள் இயக்குநருக்கு? அதுவும் அதேதான், ஐயா.

"அப்ப எனக்கும் இதையேதான் போடுவீங்களா?"

இதற்கு மடலார் சொன்ன பதில் மடலுக்குத் தேவையில்லை என்று தாங்களே நீக்கிவிட்டீர்கள். பிறகு இயக்குநர் சொன்னாராம்:

"முடியலைன்னா முடியலைன்னே சபையில படிங்க. பாராட்டு மடல்லயே அப்படி இருந்தா, நான் எந்த முகத்தை வச்சுக்கிட்டு ரூமைக் காலி பண்ணச் சொல்றது?"

அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரே குழப்பம். வேலை முடியவில்லை என்று சொல்லி ஒருவரை எப்படி வாழ்த்துவது? சொன்னால் வந்திருக்கும் உறவினர்களும் நண்பர்களும் என்ன நினைப்பார்கள்? சொல்லாவிட்டால் அறை போய்விடும். கட்டுரையை நிறுத்திவைத்தோம், விடுப்பைத் தள்ளிவைத்தோம், கூடிக் கூடிப் பேசினோம். தெளிவு வந்தபாடில்லை. இந்த வரியைப் படிக்கும்போதும் எங்களில் பாதிப் பேருக்குக் கைதட்டுவதா, தலை குனிவதா என்று தெரியவில்லை. ஒன்று மட்டும் நிச்சயம்: தாங்கள் இல்லாத கூடத்தை நினைத்தால் எங்களுக்கு அழுகை வருகிறது. இதற்கு ஆதாரம் கேட்காதீர்கள்.

ஆகவே, இயக்குநர் அவர்கள் முன்வரிசையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்க, சபையறியச் சொல்கிறோம். எடுத்த பணியை முடிக்காமலே செல்பவரே! முப்பத்தோர் ஆண்டுகள் முனைந்து தேடியும், தெரியாததைத் தெரியாதென்று தலை நிமிர்ந்து சொல்லும் தகைமையே! விடையின் பாதியைக் கண்ணாடித் தகட்டிலும், மீதியை எங்கள் தலையிலும் விட்டுச் செல்லும் வள்ளலே! தாங்கள் நோய்நொடியின்றி, நல்ல பசியோடும் நல்ல உறக்கத்தோடும் நெடுங்காலம் வாழ வாழ்த்துகிறோம். எத்தனை ஆண்டுகள் என்று எழுதியிருந்ததைத் தாங்கள் அடித்துவிட்டதால், எங்கள் ஆசைப்படி எண்ணிக்கொள்கிறோம்.

மூன்றாம் தொட்டியின் குட்டிகள் நாளைக் காலையில் குடலெடுத்துப் பார்க்கும் பருவத்துக்கு வருகின்றன. நாங்கள் இதைப் படித்து முடித்ததும், தங்களிடமுள்ள தொட்டி அறைச் சாவியை இயக்குநர் கண்ணெதிரே உதவி ஆய்வாளர் கையில் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு மேடையிலிருந்து இறங்குங்கள், அம்மா.

இங்ஙனம்,
குழப்பம் தீராத, அன்பு குறையாத
ஆய்வுக்கூடப் பணியாளர்கள்