ஆற்றுவாய் வெட்டும் வரை

படகின் அடிப்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை, சேர். இருபத்தாறு வருடமாக நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் இதே கேள்வியை மூன்றாவது தடவை கேட்கிறீர்கள். எரிச்சலாகத்தான் இருக்கிறது. பரவாயில்லை, முதலிலிருந்து சொல்கிறேன். இந்த முறையாவது முழுவதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஏறாவூரில் வாவிக்கரையோடு என் வாடி, படகு வேலை செய்யும் கொட்டில். கடலுக்குப் போகும் எஞ்சின் படகுகளைக் கரைக்கு இழுத்து, அடியில் பிடித்த பாசியையும் பொருக்கையும் சுரண்டி, புதுப் பெயின்ற் அடித்துக் கொடுப்பேன். எதுவும் வந்து ஒட்டாமல் இருக்க நஞ்சு கலந்த பெயின்ற் அது. டின்னிலேயே மண்டையோட்டுப் படம் போட்டிருக்கிறது. சுரண்டும்போது பழைய பூச்சு சிவப்புத் தூளாக உதிரும். அதைக் கூட்டி அள்ளிப் புதைக்க வேண்டும் என்றார்கள். எங்கே புதைப்பது? என் வளவே ஆறு பேர்ச் துண்டு நிலம். ஹோஸைப் பிடித்து வாவிக்குள் தள்ளிவிடுவேன். மாரியில் ஆற்றுவாயை அடைத்திருக்கும் மணல் திட்டை வெட்டிவிட்டால் தண்ணீரெல்லாம் கடலுக்குப் போய்விடுகிறதே. இங்கே எல்லோரும் அந்த நாளை நம்பித்தான் எதையும் வாவியில் போடுகிறார்கள். விசாரணைக்கு மட்டும் நான் ஒருவன்.

மூன்று வருடத்துக்கு முன், வாடிக்கு முன்னால் மீன் குஞ்சுகள் செத்து மிதந்தன. கண்டல் வேர்களில் இருந்த நத்தைகள் உதிர்ந்தன. அக்கம்பக்கத்தில் முணுமுணுக்கத் தொடங்கினார்கள்.

கைறுன்னிஸா சிப்பி வளர்க்கப் பழகியது அந்த நாட்களில்தான். எனக்குத் தங்கை முறை, என்னை அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவாள். பயிற்சி கொடுக்க வந்த மிஸ், சிப்பி தண்ணீரை உறிஞ்சி, அழுக்கைத் தன் சதைக்குள் வைத்துக்கொண்டு, தெளிந்ததை வெளியே விடும் என்று சொன்னார். அதை நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்று பின்னேரமே கைறுன்னிஸாவிடம் போனேன்.

"என்ட வாடிக்கு முன்னால கட்டு புள்ள. களவு போகாது, நான் பாத்துக்கிறன்."

அவள் எனக்காகத் துஆக் கேட்டாள். சிப்பிக் கயிறு கட்டும் கம்பு நட நானே கூட இறங்கினேன். நாலு மாதத்தில் அந்த இடத்துத் தண்ணீர் தெளிந்தது. முணுமுணுப்பும் நின்றது. அவளுக்கும் வருமானம் வந்தது. இதில் என்ன குற்றம் என்று யாராவது விளங்கப்படுத்தினால் நல்லது.

போன வருடம் மழை பிந்திவிட்டது. ஆற்றுவாய் வெட்டவில்லை. தண்ணீர் அசையாமல் கிடந்தது. எனக்கோ, வாவிக்குள் அடைபட்ட படகுகள் சுரண்ட வரிசையில் நின்றன. சிப்பிகளின் ஓடு தடித்தது, சதை பச்சையானது. பாசிக்குடா ஹோட்டல்காரர் வாங்க மாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிட்டார். கைறுன்னிஸா கூடையோடு வந்து என் முன்னால் நின்றாள்.

"காக்கா, என்னத்தால இப்பிடிப் பச்ச பத்துது?"

"வயல் வட்டையில வேளாமைக்கு அடிக்கிற மருந்தாயிருக்கும் புள்ள. வாய வெட்டினாச் சரியாப் போகும்."

நம்பினாள். எறிய மனமில்லாமல் வீட்டில் சமைத்தாள். அவளுடைய மகள் நிஸ்றாவுக்கு அப்போது வயிற்றில் ஐந்து மாதம். பிள்ளைத்தாய்ச்சிக்கு நல்லது என்று அவளுக்குத்தான் பெரிய பங்கு. வாடியில் இருந்து பார்த்தால் அவர்களுடைய குசினி தெரியும். மூன்று கிழமை பார்த்தேன். வாந்தி வந்தபோது மசக்கை என்றார்கள். நானும் ஓம் என்றேன். பிறகு பிள்ளை தங்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஓட்டோ பிடித்துக் கொடுத்ததும் நான்தான். துண்டில் டொக்டர் காரணம் எதுவும் எழுதவில்லை, சேர். அதைக் கவனியுங்கள்.

சிப்பிக்குள் நஞ்சு ஏறும் என்று எனக்குத் தெரியாது. அப்படியே எழுதுங்கள். சந்தேகம் என்றால் என் மனைவி ஸஹீதாவைக் கேளுங்கள். கைறுன்னிஸா ஒவ்வொரு முறை சிப்பி எடுக்கும்போதும் எங்கள் வீட்டுக்கு ஒரு சட்டி அனுப்புவாள். முதல் சட்டியில் இருந்தே, ஸஹீதா அடுப்பில் வைக்க முன்னம் நான் அதை வாங்கிக்கொண்டு போய், பின்வளவில், கோழி கிளறாத ஆழத்தில் குழி வெட்டிப் புதைத்துவிடுவேன்.