வலையின் உயரம்

டிரைவர்: ...அதான் சொல்றேனே, வலிக்குதுன்னா வலிக்குது. முட்டிக்கு என்ன வாயா இருக்கு, அதுவே வந்து உன்கிட்ட சொல்ல?

பட்டறைக்காரி: எந்த முட்டிங்க?

டிரைவர்: ரெண்டும்.

பட்டறைக்காரி: அடடா. ரெண்டும் பேசி வச்சுக்கிட்டு மேட்ச் அன்னைக்காப் பாத்து வலிக்குதா?

டிரைவர்: கிண்டலா இருக்கா உனக்கு? காலையில மூணு டிரிப் அடிச்சேன். கிளட்ச்சை மிதிக்க மிதிக்க உயிர் போச்சு.

பட்டறைக்காரி: பதினெட்டு வருஷமா மிதிக்கிறீங்க. இன்னைக்குத்தான் போயிருக்கு... கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சத்தை மறைக்காதீங்க. தீப்பொறியை வெறுங்கண்ணால பாக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?

டிரைவர்: முதல்ல அந்த வெல்டிங்கை நிறுத்து. கட்டின புருஷன் வலியில நிக்கிறேன், இவ எவன் வீட்டு கேட்டையோ ஒட்டிக்கிட்டு இருக்கா.

பட்டறைக்காரி: நிறுத்தியாச்சு. சொல்லுங்க.

டிரைவர்: சாயங்காலம் நான் ஆடல.

பட்டறைக்காரி: நாலு மணிக்கு வாலிபால் ஃபைனல். முதல் தடவையா வெளியிலேர்ந்து ரெஃப்ரி வராரு. கேப்டன் நீங்க. அடிக்கிறவரும் நீங்க. நீங்க இல்லாம பந்து தானா வலையைத் தாண்டிப் போய் விழுமா?

டிரைவர்: மளிகைக்காரர் அடிக்கட்டும். எத்தனை வருஷமாத்தான் அவரும் பெஞ்சைத் தேய்ப்பாரு?

பட்டறைக்காரி: மளிகைக்காரரா! கடையில மேல் தட்டு டப்பாவை எடுக்கவே ஸ்டூல் போடறவருங்க அவரு.

டிரைவர்: அப்ப ஸ்டூலோட ஆடட்டும்.

பட்டறைக்காரி: சரி, ஒண்ணு கேக்கறேன். ரெண்டு முட்டியும் வலிக்கிற மனுஷன் விடிஞ்சதும் விடியாததுமா எதுக்குப் பரண்ல ஏறினீங்க?

டிரைவர்: யாரு... நானா?

பட்டறைக்காரி: இல்ல, பூனை. பூனைதான் ஏறி என் அளவு டேப்பை எடுத்துக்கிட்டு வந்து, அதோ, வலைக் கம்பத்துக்குப் பக்கத்துல போட்டுட்டுப் போயிருக்கு. சுருட்டி வைக்கக் கூடத் தெரியாத பூனை. காலையில சாப்பாடு பாதி தட்டுல அப்படியே கிடந்துச்சு. உங்களுக்கு முட்டி வலிச்சா வயிறு நல்லாத்தான் வேலை செய்யும். இது வேற என்னமோ. சொல்லிடுங்க.

டிரைவர்: கதவைச் சாத்து.

பட்டறைக்காரி: பட்டறைக்கு ஏதுங்க கதவு? ஷட்டரை வேணா பாதி இறக்கறேன்.

டிரைவர்: இறக்கு... இன்னும் கொஞ்சம்... போதும். இங்க பாரு, இது உனக்கும் எனக்கும் மட்டும்தான். வலை குள்ளம்.

பட்டறைக்காரி: என்னது?

டிரைவர்: நம்ம வலை. பின்னாடி மைதானத்துல தினம் நீ கட்டற வலை. குள்ளம். பத்து வருஷமா குள்ளம்.

பட்டறைக்காரி: யாருங்க சொன்னது?

டிரைவர்: ரெஃப்ரி ரெண்டு நாள் முன்னாடி விதிமுறைத் தாள் அனுப்பிச்சாரு. படிச்சுப் பாத்தேன். அதுல ரெண்டு வரி. மேல் வரி, ஆண்கள் வலை, இருநூத்தி நாப்பத்திமூணு சென்டிமீட்டர். கீழ் வரி, பெண்கள் வலை, இருநூத்தி இருபத்திநாலு.

பட்டறைக்காரி: ம்.

டிரைவர்: பத்து வருஷம் முன்னாடி கம்பம் செஞ்சப்ப என்கிட்ட இருந்த தாள் ஞாபகம் இருக்கா? சட்டைப் பையிலயே மடிச்சு மடிச்சு வச்சிருந்தேனே... மடிப்புல மேல் வரி தேஞ்சே போச்சு. எனக்குத் தெரிஞ்சது ஒரே வரிதான். அதைப் பாத்து சாக்பீஸ்ல கோடு போட்டுக் குடுத்தேன்...

பட்டறைக்காரி: ...அதே கோட்டுல நான் வலை மாட்டற கொக்கியை வெல்டிங் வச்சேன்.

டிரைவர்: காலையில கம்பத்தை அளந்தேன். மண்ணுல புதைச்சிருக்கிற குழாய்க்குள்ள ரெண்டடி இறங்கும். அதைக் கழிச்சா கொக்கிக்கு மிச்சம் இருநூத்தி இருபத்திநாலு. ஒரு மில்லி கூடக் குறையல. கொஞ்சம் தப்பா அளந்திருந்தாக் கூட மனசு ஆறியிருக்கும். சுத்தமா அளந்து, தப்பைச் செஞ்சிருக்கேன்.

பட்டறைக்காரி: கம்பத்தைப் படுக்க வச்சுத்தான் அளந்தீங்களா?

டிரைவர்: பின்ன? சுவத்தோரம் படுத்துத்தானே கிடக்கு. காலங்காத்தால நட்டு வச்சு அளந்தா ஊரே வந்து என்னன்னு கேக்கும்.

பட்டறைக்காரி: அதுவும் சரிதான்.

டிரைவர்: இப்பப் புரியுதா? பத்து வருஷமா இந்த மைதானத்துல நம்மளை எவனும் ஜெயிச்சதில்ல. வெளியூருக்குப் போனா மட்டும் உதை வாங்கிட்டு வருவோம். மண்ணு சரியில்ல, காத்து எதிர்க்காத்து, சூரியன் கண்ணுல அடிக்குது...

பட்டறைக்காரி: ஒரு தடவை அவங்க ஊர் நாய் குலைச்சதாலதான் தோத்தோம்னு சொன்னீங்க.

டிரைவர்: குலைச்சுது! சர்வீஸ் போடறப்பல்லாம் குலைச்சுது!... ஆனா காரணம் நாய் இல்ல. அங்கெல்லாம் வலை சரியா இருந்திருக்கு.

பட்டறைக்காரி: போன மாசம் பாலத்துக்கு அந்தாண்ட போய் ஜெயிச்சீங்களே?

டிரைவர்: அவங்க டீம்ல ரெண்டு பேருக்குக் காய்ச்சல். அதையெல்லாம் கணக்குல எடுக்காத.

பட்டறைக்காரி: சரி, எடுக்கல.

டிரைவர்: இன்னும் கேளு. ஒரு வருஷமா அந்தக் குள்ள வலையையே என்னால தாண்டி அடிக்க முடியல. அடிக்கிற பந்துல பாதி வலையில போய் மாட்டுது. தோள்பட்டை கழண்டு போகுது, மூச்சு வாங்குது. நாப்பத்திமூணு வயசு. முடிஞ்சுதுடி எனக்கு. இதுல சாயங்காலம் அந்த ரெஃப்ரி அளவுக் கோலோட வந்து நின்னு, ஒரு சாண் மேல ஏத்துன்னு சொன்னாருன்னு வை...

பட்டறைக்காரி: அதுக்குத்தான் ரெண்டு முட்டியுமா.

டிரைவர்: சிரிக்காத. நீ ஒரு உதவி பண்ணு. அந்தக் கொக்கியை அறுத்து, பத்தொம்பது சென்டிமீட்டர் மேல வச்சு ஒட்டிடு. பத்து நிமிஷ வேலை. தப்பாவது வெளிய தெரியாம போகட்டும். நான் படுத்துக்கறேன்.

பட்டறைக்காரி: முடியாதுங்க.

டிரைவர்: ஏன்?

பட்டறைக்காரி: வெல்டிங் ராடு தீந்துடுச்சு.

டிரைவர்: இப்பத்தானே கேட்டை ஒட்டின!

பட்டறைக்காரி: அதுதான் கடைசி ராடு.

டிரைவர்: அப்ப அந்தப் பெட்டியில இருக்கறது என்ன, ஊதுபத்தியா?

பட்டறைக்காரி: அந்தக் கம்பத்துல மட்டும் கையை வைக்காதீங்க. சொல்லிட்டேன்... யாரோ ஷட்டரைத் தட்டறாங்க.

சலூன்காரர்: அக்கா! பட்டப்பகல்ல என்ன பாதி ஷட்டர்? யாராவது போய்ட்டாங்களா?

பட்டறைக்காரி: உங்க மாமாவோட முட்டிதான் போயிடுச்சுடா. குனிஞ்சு வா, தலையில இடிச்சுக்காத.

சலூன்காரர்: ஆ!... இடிச்சுக்கிட்டேன். என்ன மாமா, உங்களுக்குமா? எனக்கு இடுப்பு.

டிரைவர்: உனக்கு என்னடா?

சலூன்காரர்: பந்தை எடுத்துக் குடுக்கறதே பாரமா இருக்கு மாமா. முன்ன நான் இந்த உயரத்துக்குத் தூக்கிவிட்டா நீங்க ஓங்கி அடிப்பீங்க. இப்ப அதே உயரத்துக்குத் தூக்கினா பந்து வலையைத் தாண்ட மாட்டேங்குது. கம்பவுண்டர்கிட்ட போனேன். என்னைப் பாத்ததும் ஒண்ணுமே கேக்கல, மாத்திரையை எடுத்து நீட்டிட்டாரு.

பட்டறைக்காரி: ஏன்டா?

சலூன்காரர்: டீம்ல நான் அஞ்சாவது ஆளாம். எல்லாருக்கும் அதே மாத்திரை. தச்சர் ராத்திரியில தூக்கமில்லாம மூச்சுப் பயிற்சி பண்றாராம். தபால்காரர் இடுப்புல பெல்ட் கட்டியிருக்காரு. ஆறு பேருக்கும் ஒரே வருஷத்துல வயசாயிடுச்சுக்கா.

பட்டறைக்காரி: பாவம்.

சலூன்காரர்: நீ ஏன் அந்தப் பக்கம் திரும்பி நிக்கற?

பட்டறைக்காரி: கண்ணுல தூசி.

டிரைவர்: மாப்ள, இப்படி வந்து உக்காரு. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நம்ம வலை... நான் தப்பா அளந்துட்டேன்டா. பெண்கள் ஆடற உயரத்துல கட்டி வச்சிருக்கேன். ஆரம்பத்துலேர்ந்தே.

சலூன்காரர்: அப்ப... சர்க்கரை ஆலை டீமை நேர் செட்ல அடிச்சோமே, அது?

டிரைவர்: அதுவும்தான்.

சலூன்காரர்: நான் பின்னாலேர்ந்து எகிறி அடிச்சு, எல்லாரும் என்னைத் தோள்ல தூக்கிட்டுப் போனாங்களே... சலூன்ல போட்டோ மாட்டியிருக்கேனே மாமா! அதுவும் பொம்பளைங்க வலையா?

பட்டறைக்காரி: ஏன்டா, பொம்பளைங்க வலைன்னா இளப்பமா? அதுல ஆடறவங்க அடிக்கிற ஒரு அடியை நீ எடுத்துக் காட்டு, அப்புறம் பேசு.

சலூன்காரர்: அதுக்கில்லக்கா... முடி வெட்ட வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் அந்தக் கதையைச் சொல்லியிருக்கேன். கத்தி கையில இருக்கறதால எல்லாரும் எழுந்து போகாம கேட்டிருக்காங்க.

டிரைவர்: நான் ஆடலடா. முட்டின்னு சொல்லிடப் போறேன்.

சலூன்காரர்: நல்ல யோசனை மாமா! நானும் இடுப்புன்னு படுத்துடறேன். தபால்காரர்தான் பெல்ட்டே கட்டிட்டாரு. தச்சருக்கு மூச்சு. கம்பவுண்டர்கிட்ட சொல்லி ஆறு பேருக்கும் சேத்து ஒரே சீட்டா எழுதி வாங்கிடலாம்.

டிரைவர்: ஆறு பேருமா?

சலூன்காரர்: தொத்து வியாதின்னு சொல்லிக்கலாம்.

பட்டறைக்காரி: வந்த டீமும் ரெஃப்ரியும் என்ன பண்ணுவாங்க? உங்க ஆறு பேரையும் வரிசையாப் பாத்து நலம் விசாரிச்சுட்டுப் போவாங்களா?

டிரைவர்: வேணாம்டா. நீ சொல்றப்பதான் கேவலமாத் தெரியுது. நான் நினைச்சப்ப அவ்வளவு தெரியல.

சலூன்காரர்: நான் என்ன...

டிரைவர்: இருடா. எனக்குத் தோக்கறதுல பயமில்ல. பஸ்ஸை ஓட்டிட்டு, வீட்டுக்கு வந்து படுத்து, மறுபடி பஸ்ஸை ஓட்டற மனுஷன் நான். சாயங்காலம் அந்த ஒரு மணி நேரம்தான் நானும் ஏதோ செய்யத் தெரிஞ்சவன்னு இருந்துச்சு. அதுவும் பொய்னு ஊர் முன்னாடி ஆயிடுமோன்னுதான்... அதுதான் தாங்க முடியல. ஆனா ஓடி ஒளிஞ்சா மட்டும் என்ன, பொய் உண்மையாயிடுமா? மாப்ள, போய் எல்லாரையும் மூணு மணிக்கே வரச் சொல்லு. நானே சொல்லிடறேன், தப்பு என்னோடதுன்னு. ரெஃப்ரி வந்ததும் அவர்கிட்டயும் சொல்லிட்டு, எல்லார் எதிர்லயும் வலையை ஏத்திக் கட்டி, ஆடறேன். ஒரு பந்து கூடத் தாண்டலைன்னாலும் சரி.

சலூன்காரர்: நிஜமாவா மாமா?

டிரைவர்: நிஜமா. ஏய், உன் ராடு தீந்த கதையெல்லாம் வேணாம். எழுந்து அந்தக் கொக்கியை மேல வச்சு ஒட்டு.

பட்டறைக்காரி: ஒட்ட மாட்டேன்.

டிரைவர்: இப்ப என்னடி? நல்லதுக்குத்தானே சொல்றேன்!

பட்டறைக்காரி: இதை உங்க வாயால கேக்கத்தான் காத்துக்கிட்டிருந்தேன். கேட்டாச்சு. ஆனா ஒட்ட மாட்டேன். இன்னும் ஒரு சாண் ஏத்தினா நீங்க ஏணி போட்டுத்தான் அடிக்கணும்.

டிரைவர்: என்ன உளர்ற?

பட்டறைக்காரி: ரெஃப்ரி வந்து அளக்கட்டுங்க. இருநூத்தி நாப்பத்திமூணு இருக்கும்.

சலூன்காரர்: அக்கா, மாமா இப்பத்தானே சொன்னாரு, கம்பத்தை அளந்தேன்னு...

பட்டறைக்காரி: கம்பத்தை அளந்தாரு. குழாயோட ஆழத்தை அளந்தாரா? போன வருஷம் வெளியூர் மேட்ச்சுக்கு நானும் வந்தேனே. வலைக்கு முன்னாடி இவர் கையைத் தூக்கினப்ப அங்க விரல் நுனிதான் மேல தெரிஞ்சுது. இங்க மணிக்கட்டு வரைக்கும் தெரியும். கண்ணால அளக்கறதுதானே என் பொழப்பு? வந்ததும் வராததுமா டேப்பை வச்சுப் பாத்தேன்.

டிரைவர்: அப்பவே ஏன் சொல்லல?

பட்டறைக்காரி: அன்னைக்குத் தோத்துட்டு வந்து மூணு நாள் வீட்டுல வாயைத் திறக்கல நீங்க. ஆட்டத்தையே விட்டுடறேன்னு ஷூவைத் தூக்கிப் பரண்ல போட்டீங்க. இதையும் சொன்னா நிஜமாவே விட்டுடுவீங்கன்னு பயந்துட்டேங்க. அதான், ஒரு விரல் கனத்துல வட்டமா இரும்புத் தட்டு வெட்டி, மாசத்துக்கு ஒண்ணுன்னு, ரெண்டு குழாய்க்குள்ளயும் போட்டுட்டு, அது மேல கம்பத்தை நட்டேன். குழாய்க்குப் பதினோரு தட்டு. கடைசித் தட்டு பாலத்துக்கு அந்தாண்ட போறதுக்கு ஒரு வாரம் முன்னாடி போட்டது.

சலூன்காரர்: அடிப்பாவி அக்கா! நான் பட்டை பட்டையா மாத்திரை முழுங்கியிருக்கேன்!

டிரைவர்: நீ சும்மா இருடா... அப்ப இந்த ஒரு வருஷமா பந்து வலையில மாட்டினது, மூச்சு வாங்கினது... எல்லாம் முடிஞ்சுதுன்னு நான் நினைச்சுக்கிட்டு இருந்தேனே...

பட்டறைக்காரி: உங்களுக்கு வயசாகலைங்க. நீங்க எட்ட எட்ட, நான்தான் வலையை ஏத்திக்கிட்டே வந்தேன்.