டெல்பர்ட் மூடிய புகைபோக்கி

தீயணைப்புத் தொண்டர்களின் பெருவிருந்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஐயா ஹில்மர் வாவ்ரா அவர்களே! விறகுப் புகையிலே வெளுத்த தலைகளோடு வீற்றிருக்கும் பெரியோர்களே! அவரையும் உருளைக்கிழங்கும் ஆக்கி இறக்கிவிட்டு வந்தமர்ந்த தாய்மார்களே! டெக்சஸ் மண்ணின் மைந்தர்களே! வணங்குகிறேன்.

"சுருக்கமாப் பேசுங்க!" என்கிறார் பின்வரிசையில் ஒருவர். கறி வேக வேண்டாமா ஐயா? அதுவரை என்னைத்தான் நீங்கள் மென்றாக வேண்டும்.

அனலை ஆள்வது எளிதா? படுக்கவைத்த இரும்புப் பீப்பாய்தான் நம் புகையடுப்பு: ஒரு முனையில் தீயறை, மறுமுனையில் மூடியிட்ட புகைபோக்கி, நடுவிலே மாட்டின் நெஞ்சுக்கறி. அங்கே கருகவும் கூடாது, இங்கே விறைக்கவும் கூடாது! அந்தச் சமன் கண்டவர்கள் க்ரெனெக் சகோதரர்கள். அண்ணன் வெண்டெல் புகைபோக்கியோரம் நாற்காலி போட்டு அமர்வார். தம்பி டெல்பர்ட் தீயறையோரம் அமர்ந்து ஓக் விறகை ஒவ்வொன்றாய் ஊட்டுவார். பிறகு ஒரு வேலித் தகராறு. பேச்சு நின்றது. ஆண்டுகள் போயின. பேசாமலே வெண்டெல் போய்ச் சேர்ந்தார்.

நம் ஊர் வழக்கப்படி அவரவர் அடுப்பிலேதானே அவரவர் இறுதிச்சடங்கு விருந்து? ஊரே சாப்பிட வருகிறது. வெண்டெலின் மனைவி லோரீன் அழைத்தார், தம்பி வந்தார், தீ மூட்டினார். வெப்பமானியின் முள் எகிறியது. பதறிப்போய் என்ன செய்தார் தெரியுமா? புகைபோக்கியை மூடினார்!

"ஐயையோ" என்கிறீர்கள். ஐயையோதான்! வெள்ளைப் புகை சுருண்டு கறியிலே படிந்தது.

"மூடாதீங்க தம்பி, கசந்துபோயிரும்! அவரு ஒருநாளும் மூடினதில்ல."

"அவரக் கேட்டுக்கிட்டா சமைக்க முடியும், அண்ணி? அவருதான் போயிட்டாரே!"

அவர் சொல்லி வாய் மூடவில்லை. புகைபோக்கியின் மூடி தானாகத் திறந்தது.

பட்டப்பகல். காற்றில்லை. இலை அசையவில்லை. டெல்பர்ட் மூடினார், திறந்தது. அழுத்தி மூடினார். மெல்ல, மிக மெல்ல, பொறுமையாகத் திறந்தது. அண்ணனின் காலி நாற்காலியைப் பார்த்தார். அதன் துணி இருக்கை ஓர் ஆள் பாரத்துக்குத் தொய்ந்திருந்தது. என் கண்ணால் பார்த்தேன், தாய்மார்களே, நான் அங்கே நின்றிருந்தேன்!

"அண்ணே, இன்னும் கோவமா? நான்தாண்ணே வீம்பு புடிச்சேன். வேலி எங்க வேணா இருந்துட்டுப் போகட்டும்ணே."

அழுதுகொண்டே எரியும் கட்டைகளில் பாதியை வெளியே இழுத்தார். சின்னத் தீ, திறந்த வாய். முள் இறங்கி, ஆணி அடித்ததுபோல் நின்றது. அன்று கறி முனைக்கு முனை ஒரே பதம். லோரீன் ஒரு துண்டை வாயில் வைத்தார். "இது அவரு கைப்பக்குவம்" என்றார்.

மக்களே! சூடு தாங்கவில்லையா? தீயைக் குறையுங்கள், வழியை அடைக்காதீர்கள்! கோபமா? கொட்டுங்கள்! வருத்தமா? வாய் திறங்கள்! மூடி வைத்த நெருப்பு சமைக்காது, கசக்கும்! அண்ணன் உயிரோடிருக்கும்போதே பேசிவிடுங்கள்! எல்லா அண்ணன்களும் திரும்பி வந்து மூடியைத் திறப்பார்களா?

ஏன் திரும்பிப் பார்க்கிறீர்கள்? ஆம், அதே அடுப்புதான் கொட்டகைக்குப் பின்னால் எரிகிறது. டெல்பர்ட் இதோ முன்வரிசையில் இருக்கிறார். "அப்ப அடுப்ப யாரு பாத்துக்கிறா?" என்கிறீர்களா? ஐயா டெல்பர்ட், நீங்களே சொல்லுங்கள்.

"அண்ணன் பாத்துக்குவாரு" என்கிறார்.

கேட்கிறதா, மூடி கிறீச்சிடுவது? கறி பதமாகிவிட்டது. எழுந்து வாருங்கள். பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி. வெளியே கேட்டுக்கொண்டிருக்கும் அந்த நாற்காலிக்கு என் வணக்கம்.