இரண்டு சொர்க்கங்களும் ஒரு நாற்காலியும்

– நம்ம ரெண்டு பேரும் ஊர் மாத்திக்கறதுக்கு நான் ஏன் மாப்ள மாற்றல் மனு போடணும்? பாயிண்டைக் கவனி. மனு போடறவன் சீனியாரிட்டி லிஸ்ட்ல கடைசிக்குப் போயிடுவான். சம்மதம்னு கையெழுத்து மட்டும் போடறவனுக்கு ஒரு நஷ்டமும் இல்ல. அதனால நீ போடு. நான் பெரிய மனசு பண்ணி உன் ஊருக்கு வர்றேன்.

– காலியா இருக்கறது ஒரே ஒரு சூப்பிரண்டு நாற்காலி அத்தான். லிஸ்ட்ல முதல் பேர் நீங்க, ரெண்டாவது நான். நான் கடைசிக்குப் போயிட்டு உங்களை உக்கார வைக்கணுமா?

– மூணாவது யாருங்க?

– யாரோ. அதை எவன் பாத்தான்? நீ வெங்காயத்தை நறுக்கு. நாற்காலி, கிடைச்ச ஆள் இருக்கற ஊருக்கே வரும் மாப்ள. எல்லா ஊர் மாற்றல் மனுவுலயும் அந்த ஆளோட கையெழுத்துதான்.

– சும்மா சொல்லக்கூடாது அத்தான், எனக்கு என் ஊரே சொர்க்கம். என் ஹால்ல சைக்கிள் ஓட்டலாம். இங்க உங்க பிரிட்ஜைத் தொறக்கணும்னா நான் கட்டில்மேல ஏறி நிக்க வேண்டியிருக்கு.

– அது உடற்பயிற்சி. இங்க உக்காந்த இடத்துலேர்ந்தே அடுப்பையும் அணைப்பேன், வாசக்கதவையும் தொறப்பேன். எந்த ராஜாவுக்கு வாய்ச்சிருக்கு?

– காலையில பக்கத்து வீட்டம்மா 'காபி வேணுமா'ன்னாங்க. நீங்க இங்கேர்ந்து 'வேணும், சக்கரை கம்மியா'ன்னீங்க. அவங்க கேட்டது அவங்க புருஷனை.

– அதுக்குப் பேர் அன்னியோன்யம். உங்க ஊர்ல பக்கத்து வீட்டுக்கே பஸ் பிடிக்கணும்.

– உக்காந்து போகலாமே அத்தான்!

– என் தம்பி ரெண்டு மணி நேரம் உக்காந்து போவான். போன மாசம் பல்வலின்னு டாக்டர்கிட்ட கிளம்பினான். போய்ச் சேர்றதுக்குள்ள வலியே நின்னுடுச்சு.

– அவ்வளவு ஆரோக்கியமான ஊர் அக்கா அது. பாதி வியாதி வழியிலேயே சரியாயிடும்.

– தண்ணி மூணு நாளைக்கு ஒருதரம்.

– வர்ற அன்னிக்குக் கல்யாண வீடு மாதிரி கலகலன்னு இருக்கும்!

– கேட்டியா மாப்ள, உன் அக்காவே சொல்லிட்டா.

– உங்க கதை மட்டும் என்னங்க வாழுது? போன வாரம் ரயில்ல யாரோ ஒருத்தர் குடை உங்க பை வார்ல மாட்டிக்கிச்சு. நான் ஆபீஸ் ஸ்டேஷன்ல எறங்கி நின்னு பாக்கறேன், நீங்க உள்ள அவரைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டே போறீங்க. நாலு ஸ்டேஷன்!

– தங்கமான மனுஷன். சிநேகிதமாயிட்டோம். அவ்வளவு பெரிய ஹால்ல சைக்கிள் ஓட்டினா ஒரு சிநேகிதம் கிடைக்குமா?

– வேண்டாம் அத்தான். உசுரு போனாலும் என் ஊர்லதான்.

– எனக்கும் இங்கதான். இந்த நெரிசல் இல்லாம எனக்குத் தூக்கமே வராது.

– ஆக, ரெண்டு பேரும் மனு போடல.

– போடல.

– சத்தியமா போடலக்கா.

– வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் வந்த மனுவெல்லாம் சேர்த்து, திருத்தின லிஸ்ட் இப்பதான் போன்ல வந்திருக்கு. படிக்கட்டுமா?

– ஞாயித்துக்கிழமை அதுவுமா ஆபீஸ் விஷயம் எதுக்கு?

– கடைசிப் பேர் நீங்க. மனு போட்டது நாலு அம்பத்தேழுக்கு.

– அத்தான்!

– அந்தக் குடைக்கு அப்புறம் எனக்கு மனசே சரியில்ல மாப்ள.

– தங்கமான மனுஷன்னீங்க! இது பச்சைத் துரோகம் அத்தான், கூடப் பொறந்தவ புருஷன்னு நம்பி…

– கத்தாதடா. அதுக்கு மேல உன் பேர். நாலு அம்பது.

– மாப்ள!

– பல்லு திரும்பவும் வலிக்க ஆரம்பிச்சிடுச்சு அத்தான்.

– நாசமாப் போச்சு. அப்ப நாற்காலி அந்த மூணாவது ஆளுக்கா? யாரு அவன்?

– அவன் இல்லீங்க. பன்னெண்டு வருஷமா உங்களுக்கு அடுத்த மேசை. இப்ப வெங்காயம் நறுக்கிட்டிருக்கேன்.

– நீயா?

– அக்கா! தங்கமான அக்கா! அப்ப எங்க மனு ரெண்டும்…

– நாளைக்குக் காலையில என் மேசைக்குத்தான் வரும். என்ன எழுதறதுன்னு யோசிச்சும் வச்சுட்டேன்: 'மனுதாரர்கள் தத்தம் ஊரில் பரம சந்தோஷமாக இருப்பதாக என் முன்னிலையில் அவர்களே தெரிவித்துள்ளபடியால், மனுக்கள் நிராகரிக்கப்படுகின்றன.'